ஐந்நூறு பிரதி போதும்

பல்லடம்

அன்புள்ள கண்ணுக்கு,

தாள், மை, மடிப்பு, தையல் எல்லாமே சொல்லவந்ததன் பங்காக அமையும் புத்தகமே ஆர்ட்டிஸ்ட் புக். தாளை மாற்றினாலும் புத்தகம் அப்படியே இருக்கிறதென்றால் அது படங்கள் சேர்த்த சாதாரண நூல்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு முதலில் பார்க்க வேண்டியது, கீதா உல்ஃப் 1994இல் சென்னையில் தொடங்கிய தாரா புக்ஸ். கைக்காகிதத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து, கையால் தைத்து, பிரதிக்கு எண் இடுவது அவர்கள் வழக்கம். 2006இல் வந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலுக்கு பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேத்தி என்ற கோண்டு ஓவியர்கள் மரங்களை வரைந்தார்கள். தாள் கறுப்பு. ஆஃப்செட் மை மெல்லியது, ஒளி ஊடுருவுவது. கறுப்புத் தாளில் அது எடுபடாது. ஸ்கிரீனில் இழுத்த மை கெட்டியாகத் தாளை மறைத்து உட்காரும். இரவு மரத்தின் வெளிச்சம் அச்சு முறையிலிருந்தே வந்தது. எனவே எந்த அச்சு, எந்தத் தாள் என்பதைப் படம் வரையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், ஒரு இழுப்பு. பிரதிக்கு 4 தாள், 3 நிறம், ஒரு பக்கம் மட்டும் என்றாலே 500 பிரதிக்கு 6,000 இழுப்பு. இரு பக்கமும் அச்சிட்டால் 12,000. ஒவ்வொரு நிறமும் காய்ந்த பிறகே அடுத்தது. முதல் நூலுக்கு 500 பிரதிக்கு மேல் ஆசைப்படுவது உடம்புக்கும் ஆகாது, கைக்காசுக்கும் ஆகாது.

பல்லடம் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. திருப்பூர்ப் பனியன்களுக்கு ஸ்கிரீன் போடும் பட்டறைகளில் ஃபிரேம் கட்டவும் எக்ஸ்போஸ் செய்யவும் தெரிந்த கைகள் இருக்கின்றன. பனியன் கட்டிங் வேஸ்ட் கைக்காகிதத்துக்கு நல்ல மூலப்பொருள். ஆனால் பாலியஸ்டர் கலந்த துணி கூழாகாது, பிரித்தெடுக்க வேண்டும். கைக்காகிதத்தின் ஓரம் நேராக இராது. இரண்டு ஓரத்தையாவது வெட்டி மூலை சேர்க்காவிட்டால் நிறம் விலகும். மயிரிழை விலகினாலும் கெட்டுப்போகும் படத்தை இந்தத் தாளுக்கு வரையாதிருப்பதே புத்தி.

விற்பனையில் ஒரே வழி என்பதில்லை. 1971இல் கோவையில் கிளம்பிய வானம்பாடிக் கவிஞர்கள் தங்கள் இதழை விலையில்லாக் கவிமடலாகவே கொடுத்தார்கள். அமெரிக்க ஓவியர் எட் ரூஷே 26 பெட்ரோல் பங்குகளின் படங்களை 1963இல் நூலாக்கியபோது 400 பிரதிக்கும் எண் போட்டார். பிந்திய பதிப்புகளில் அதை விட்டுவிட்டார். கையால் செய்த நூலுக்கு எண் பொருந்தும். மலிவாகப் பரவ வேண்டியதற்கு எண் வெறும் பகட்டு.

ரூஷேயின் நூலை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஏற்க மறுத்தது. அதையே அவர் விளம்பரமாக்கிக்கொண்டார். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குப் பதிப்பாளர் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். தேசிய நூலகத்துக்குப் போவது சிறந்த பிரதிகளின் தரத்தில் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது; நிறம் விலகிய கழிவுப் பிரதியைத் தள்ளிவிட முடியாது. அந்த 4 பிரதியையும் அடக்கவிலையில் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா