கறிக்கு ஈடான தாவர உணவு

கோழிக்கறிக்குப் பதிலாக மீல்மேக்கர், பலாக்காய், முந்திரி ஆகியவற்றில் எதைச் சமைக்கலாம்?
– வாசகர், பெரம்பலூர்

மீல்மேக்கரே முதலிடத்துக்குரியது. எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவை அழுத்தத்தில் சூடேற்றி உப்பவைத்துச் செய்யப்படும் இவ்வுருண்டைகள், 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் புரதம், அதாவது தசையைக் கட்டும் சத்து, கொண்டவையெனினும், ஊறியபின் நீரேறி எடை ஏறத்தாழ மூன்று மடங்காவதால், சமைத்த நிலையில் அளவுக்களவு கோழிக்கறியைவிடக் குறைவாகவே அதனைத் தருகின்றன. பலாக்காய் தன் நாரமைப்பால் கறியின் பதத்தை வியக்கத்தக்கவாறு ஒத்திருப்பினும், அதில் புரதம் 3 கிராமுக்கும் குறைவாகையால், கொண்டைக்கடலையோடு சேர்த்துச் சமைப்பதே தகும். அரியலூர் மாவட்டத்துச் செம்மண்ணில் விளையும் முந்திரியில் புரதம் 18 கிராம் இருந்தும், கொழுப்பு 40 கிராமைத் தாண்டுவதால், குழம்பைக் கெட்டியாக்கும் அளவே போதுமானது. இம்மூன்றிலும் இல்லாத பி12 உயிர்ச்சத்துக்காகத் தயிரையோ முட்டையையோ உணவில் தவறாமல் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.