மழைக்காலத்திற்கு முன் ஒரு பசுமைக்குடில்

குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் நெருங்கும்போது வீட்டுப் பசுமைக்குடிலைச் சீர்படுத்துவார்கள். குளிரிலிருந்து செடியைக் காப்பதே அங்கு அதன் வேலை. நம் நாட்டில் இலையுதிர்காலம் இல்லை, அடைமழை உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது வழக்கம். ஆகவே, இங்குப் பசுமைக்குடில் மழைக்குப் பிடிக்கும் குடை. அதைச் செப்டம்பரிலேயே ஆயத்தப்படுத்துவது நலம்.

லயத்து வீடுகளைச் சுற்றிக் காய்கறி பயிரிடுவது தோட்டப்புற வழக்கம். 1990களில் புத்ராஜெயா உருவானபோது, பிராங் பெசார் முதலிய தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்பெயர்ந்தன. கொல்லைப்புறம் அவர்களுடன் வரவில்லை. இடம் சுருங்கினால் ஒவ்வொரு செடியும் பிழைத்தாக வேண்டும். அதற்குச் சிறு குடில் துணைபுரியும்.

முதலில், நோயுற்ற பழைய செடிகளை வேரோடு அகற்ற வேண்டும். அவற்றை உரக்குழியில் இட்டால் நோய் மீண்டும் பரவலாம். அடுத்து, நெகிழிக் கூரையைச் சவர்க்கார நீரால் கழுவ வேண்டும். மேகமூட்டமான நாள்களில் வெளிச்சம் குறைவு. கூரையில் படிந்த பாசி அதையும் தடுத்துவிடும். கூரை சரிவாக இருந்தால்தான் நீர் தேங்காது. தளர்ந்த கயிறுகளை இறுக்கிக் கட்டினால் புயற்காற்றைத் தாங்கும்.

மூன்றாவதாக, மண்ணைக் கவனிக்க வேண்டும். மழை படாத மண்ணில் உரத்தின் உப்புத் தங்கிவிடும். நிறைய நீர் ஊற்றி அதை வடியவிட்ட பின்னரே மக்கிய உரம் கலக்க வேண்டும். மிளகாய், கத்திரி நாற்றுகள் நடவுக்கு ஆயத்தமாக நான்கைந்து வாரங்கள் ஆகும். நாற்றுக்கு அளவோடு நீர் ஊற்ற வேண்டும். ஈரம் மிகுந்தால் நாற்றழுகல் நோய் தாக்கும்.

பக்கங்களை நெகிழியால் மூடக்கூடாது. நம் வெயிலில் உள்ளே வெப்பம் தேங்கிச் செடி வாடும். பூச்சிவலை கட்டினால் காற்று உலவும்; பூச்சிகளும் குறையும்.

கூரையில் வழியும் மழைநீரைத் தொட்டியில் சேமிக்கலாம். ஆனால், அதை இறுக மூட வேண்டும். ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர்ந்துவிடும். சாடித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரந்தோறும் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். செடியைக் காக்கும் குடில், டிங்கிக் காய்ச்சலுக்கு வீடாகிவிடக் கூடாதல்லவா?