“ஒரு மீட்டிங் இருக்கு, வா” என்றால்… தங்கச்சிகளுக்கு அக்காவின் 8 டிப்ஸ்

செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபம், இல்லாவிட்டால் மாமல்லபுரம் பக்கம் ஈ.சி.ஆர் ஓட்டலில் ஒரு ஹால். கோட் போட்ட ஒருவர் திரையில் கார், வீடு, வெளிநாட்டுப் பயணம் என்று படம் காட்டுவார். உன்னை அங்கே கூட்டிப்போனது அத்தை மகளாகவோ, மகளிர் குழு அக்காவாகவோ, மறைமலை நகர் கம்பெனியில் கூட வேலை பார்த்தவளாகவோ இருப்பாள். முன்பின் தெரியாத ஆள் கூப்பிட்டிருந்தால் போயிருப்பாயா? எம்.எல்.எம் என்கிற சங்கிலித்தொடர் வியாபாரம் உறவையும் பழக்கத்தையும் வைத்துத்தான் ஓடுகிறது. நீ கட்டுகிற பணத்தைவிட, உன் மேல் நாலு பேர் வைத்திருக்கும் நம்பிக்கைதான் அதில் பெரிய முதல். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

1. ஒரே ஒரு கேள்வி கேள்

“நான் யாரையும் சேர்க்காமல், பொருளை மட்டும் விற்றால் மாதம் எவ்வளவு கிடைக்கும்?” இதற்கு நேராகப் பதில் வராமல் ‘டீம்’, ‘டவுன்லைன்’, ‘லெஃப்ட், ரைட்’ என்று பேச்சு சுற்றினால், அங்கே விற்பது பொருள் இல்லை, ஆட்கள். அதே மாதிரி பொருள் பஜாரில் என்ன விலை என்றும் விசாரி. உறுப்பினர் இல்லாதவர் அந்த விலைக்கு வாங்குவாரா?

2. பேப்பரில் கணக்குப் போடு

“அஞ்சு பேரைச் சேர்த்தால் போதும்” என்பார்கள். ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்த்தால் ஆறாவது வரிசையில் மட்டும் 15,625 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் குழந்தை குட்டியோடு மொத்த மாமல்லபுரமே ஏறக்குறைய 15,000 பேர்தான். பத்தாவது வரிசைக்கு 97 லட்சம் பேர் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் முழுவதையும் திரட்டினாலும் அதில் பாதி தேறாது. எந்த நேரத்தில் சங்கிலி அறுந்தாலும் கடைசி வரிசையில்தான் கூட்டம் அதிகமாக இருக்கும். அவர்களுக்குக் கீழே சேர்க்க ஆள் இருக்காது.

3. சேரவே காசு கேட்டால் எழுந்து வா

எம்.எல்.எம் கம்பெனிகளும் அடங்கும் நேரடி விற்பனைக்கென்று மத்திய அரசு 2021 டிசம்பரில் விதிகள் கொண்டுவந்தது. அதன்படி நுழைவுக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று வாங்கக் கூடாது. ஆள் சேர்த்ததற்காகப் பணம் தரும் பிரமிட் திட்டத்துக்குத் தடை. வீட்டுக்கு விற்க வருகிறவர் அடையாள அட்டையோடு, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

4. சேர்த்துவிட்டவர் மேலும் சட்டம் பாயும்

ஆள் சேர்த்தால் பணம் என்று ஓடும் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. நடத்துவது மட்டுமில்லை, அதில் உறுப்பினராகச் சேர்வதும் பங்கெடுப்பதும் குற்றம். தண்டனை மூன்று ஆண்டு சிறை வரை போகலாம். “நான் சும்மா அறிமுகம் செய்தேன்” என்பது போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது.

5. பெரிய பெயர் என்பதற்காக மயங்காதே

பல நாடுகளில் கிளை உள்ள ஆம்வே நிறுவனத்தின் 757 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துகளை, பிரமிட் மோசடி என்று குற்றம்சாட்டி 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை முடக்கியது. சட்டப்படிதான் நடக்கிறோம் என்பது கம்பெனியின் பதில். வழக்கு எப்படியோ போகட்டும், உன் வருமானம் என்ன என்பதைப் பார். எம்.எல்.எம் கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளை அமெரிக்க அரசின் வணிக ஆணையம் ஆராய்ந்து 2024-ல் ஓர் அறிக்கை தந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வருஷத்துக்கு ஆயிரம் டாலரோ அதற்கும் குறைவாகவோதான் பெற்றிருக்கிறார்கள். அதிலும் செலவைக் கழித்தாக வேண்டும்.

6. கூட்டத்தைச் சாட்சியாக எடுக்காதே

கோவை ‘மை வி3 ஆட்ஸ்’ விவகாரம் ஞாபகம் இருக்கும். செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம், ஆள் சேர்த்தால் இன்னும் பணம். உறுப்பினர் கட்டணம் 360 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2024 ஜனவரியில் போலீஸ் வழக்குப் போட்டதும், பணம் கட்டியவர்களே ஆயிரக்கணக்கில் நீலாம்பூரில் கம்பெனிக்கு ஆதரவாகத் திரண்டார்கள். கட்டிய பணம் திரும்ப வேண்டுமே என்ற கவலை இருக்கும்போது யார் வாயிலிருந்தும் குறை வராது. அதனால் உள்ளே இருப்பவரிடம் விசாரிக்காதே. சேர்ந்து இரண்டு வருஷத்தில் வெளியே வந்தவரைத் தேடிப் பிடித்துக் கேள்.

7. தொடக் கூடாத பணம்

குழுக் கடன், அடகு வைத்த நகைப் பணம், பிள்ளைகளின் ஃபீஸ், எடுத்த சீட்டுப் பணம் இந்த நான்கையும் தொடாதே. மீன்பாடு குறைந்து, டூரிஸ்ட் வராமல் கடைகள் காற்று வாங்கும் மாதங்களில்தான் இந்த அழைப்பு இனிப்பாகத் தெரியும். கை இறுகியிருக்கும்போது எடுக்கிற முடிவை ஒரு வாரம் தள்ளிப்போடு. “இன்னைக்கே ஐடி (உறுப்பினர் பதிவு) போட்டாத்தான்” என்று அவசரப்படுத்தினால் அதுவே வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம். கூப்பிடுவது அத்தை என்றால் எப்படி மறுப்பது? “பொருள் நல்லா இருந்தா ஒண்ணு வாங்கிக்கிறேன் அத்தை, ஐடி மட்டும் வேணாம்.” பகையும் வராது, பணமும் போகாது.

8. ஏற்கெனவே சேர்ந்துவிட்டாயா?

முதல் வேலையாக, இன்னொருவரைச் சேர்த்து, போட்ட பணத்தை எடுக்கலாம் என்ற எண்ணத்தை விடு. ரசீது, ஒப்பந்தம், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்து. பிரிக்காத பொருளைத் திருப்பித்தரக் கெடு இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்து, எழுத்தில் கேள். கம்பெனி அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் உடனே 1930. செங்கல்பட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். பெரிய தொகை, நிறைய பேர் என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குச் சேர்ந்து போங்கள். நீ சேர்த்துவிட்டவர்களுக்கு உண்மையை நீயே முதலில் சொல்லிவிடு. வேறொருவர் சொல்லித் தெரிந்தால் உறவு முறிந்துவிடும்.

கூட்டிப்போனவர் மேல் கோபம் வேண்டாம், அவரும் யாரையோ நம்பிப் போனவர்தான். இந்த வாரக் குழுக் கூட்டத்தில் மூன்றாவது டிப்ஸை மட்டுமாவது சத்தமாகப் படித்துக் காட்டு. பத்துப் பேர் காதில் விழுந்தால் ஒருத்தியின் நகையாவது அடகுக் கடைக்குப் போகாமல் தப்பும்.