மலையில் தங்கிவிட்ட இரவு

மட்டாஞ்சேரி, கொச்சி

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியை இரண்டு தடவை வாசித்தேன். அக்காவும் போனில் பேசினாள். சூரியநெல்லி கூடாரத்திலிருந்து அன்று சாயங்காலமே இறங்கியிருந்தால் எர்ணாகுளத்தில் ரயிலைப் பிடித்திருக்கலாம், கோவா போய்ச் சேர்ந்திருக்கலாம், அங்கிருந்து சென்னை விமானமும் கைவிட்டுப் போயிருக்காது என்று உன் நண்பர்கள் சொல்கிறார்கள். இறங்க வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றவன் நீ. இப்போது எல்லாருடைய நஷ்டத்துக்கும் உன்னைக் கைகாட்டுகிறார்கள். "நான் ரொம்பப் பயந்துட்டேனா மாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

இல்லை. நீ செய்தது சரி. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே. ஆனால் நீங்கள் போட்ட திட்டம் சரியில்லை. இந்த இரண்டும் தனித்தனி விஷயங்கள். இவற்றைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டதால்தான் உங்களுக்குள் இவ்வளவு சண்டை.

அன்றைக்கு இடுக்கிக்கு ரெட் அலர்ட். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யலாம் என்றால்தான் வானிலை ஆய்வு மையம் அந்த நிறத்தைக் கொடுக்கும். அப்படிப்பட்ட நாட்களில் இடுக்கி கலெக்டர் மலைப்பாதையில் இரவுப் பயணத்தைத் தடை செய்வது வழக்கம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நான் இறக்கி விடுறேன்" என்று ஜீப்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் அந்தப் பாதையில் நூறு தடவை போயிருப்பார். ஆனால் சரிந்து விழப்போகும் மண்ணுக்கு அவருடைய அனுபவம் தெரியாது. நீங்கள் இறங்க வேண்டிய வழியில் உள்ள கேப் ரோட்டில் 2019லும் 2020லும் மலையே பெயர்ந்து வந்து பாதையை மூடியது. பகலில் என்றால் மேலே பார்க்கலாம், கல் உருளும் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்தலாம். இரவு மழையில் வைப்பரும் ஹெட்லைட்டும் காட்டுகிற பத்தடிதான் உன் உலகம்.

மிளகும் ஏலமும் வந்திறங்கும் இந்த பஜார் ரோட்டில் என் வயது முழுவதும் போயிருக்கிறது. கட்டப்பனை, வண்டன்மேடு, அடிமாலி என்று சரக்கு வரும் ஊர்களின் மழை எங்களுக்கு இங்கே கடையில் உட்கார்ந்தபடியே தெரியும். மலையில் மழை வலுத்தால் லாரி அடிமாலியில் நிற்கும். நிற்கட்டும் என்பார் முதலாளி. சரக்கு ஒரு நாள் பிந்தும் என்பதைக் கணக்கில் சேர்த்துத்தான் ஆடி மாதத்தில் விலையே பேசுவார்கள். மலையோடு வியாபாரம் செய்பவர்கள் பல தலைமுறையாக அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஒழுக்கம் அது. 1924 ஜூலையில் வந்த வெள்ளத்தைக் கொல்லம் ஆண்டு 1099ஐ வைத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பார்கள் இங்கே. ஆலுவாயிலிருந்து மூணாறுக்கு அதுவரை இருந்த சாலையே அந்த மழையில் அழிந்துபோனது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய குண்டளை ரயிலும் அதோடு போனது. அந்த ரயிலில் வந்த தேயிலைதான் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியே போகும். பிறகு நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதுச்சாலை போட்டார்கள். நீங்கள் ஏறிப்போனது அந்தச் சாலையில்தான். ஒரு மழை ஒரு சாலையை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடும் நிலத்தில் நீங்கள் கூடாரம் போட்டிருந்தீர்கள் என்பது உன் நண்பர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இனித் தெரிந்துகொள்ளட்டும்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் எஸ்டேட் லயன் வீடுகள் மேல் மலை இறங்கியது. 70 உயிர். அத்தனையும் நம் சனம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைக்கு முன்னால் கொழுந்து பறிக்கப் போனவர்களின் பிள்ளைகள். மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. வெளியுலகத்துக்குச் செய்தி வந்து சேரவே மறுநாள் காலையாகிவிட்டது. இதை நான் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. அப்படிப்பட்ட இரவில் ஒரு ஜீப் பள்ளத்தில் போனால், அதைத் தேடி இழுக்க வருகிறவர்கள் இந்த லயன் வீட்டுக்காரர்களும், அவர்கள் பக்கம் ஓட வேண்டிய தீயணைப்பு வீரர்களும்தான். சுற்றிப் பார்க்கப் போனவர்கள் அந்த இரவில் அவர்களுக்குக் கூடுதல் வேலையாகிவிடக் கூடாது. கூடாரத்தை விட்டுக் கெட்டியான கட்டடத்துக்கு மாறி, விடியும்வரை அங்கேயே நீங்கள் இருந்தது அந்த ஊருக்கே செய்த மரியாதை.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் விடிகாலையில் ஜீப்பில் போய்ச் சூரிய உதயம் பார்த்த கொழுக்குமலையின் கிழக்குச் சரிவுதான் குரங்கணி. 2018 மார்ச் 11. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழு. சென்னைக் குழுவில் பெரும்பாலும் பெண்கள். உங்களைப் போலவே சம்பாதிக்கிற, சனி ஞாயிறில் காட்டைத் தேடிப் போகிற பிள்ளைகள். கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காய்ந்த புல்லில் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். முதலில் மேலே ஏறி, காயப்பட்டவர்களைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்தவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். அந்தத் தடத்துக்கு அனுமதி வாங்கவில்லை என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கூட்டிப் போகிறவரை நம்பித்தான் போயிருப்பார்கள். ஆனால் வனத்துறை ஒரு தடத்தைத் திறக்கவும் மூடவும் ஒரு காரணம் இருக்கிறது என்பதை அந்தச் சாம்பலுக்குப் பிறகும் நாம் கற்காவிட்டால் எப்போது கற்பது? 2024 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டு வனத்துறையே 40 தடங்களுக்கு இணையத்தில் பதிவு வாங்கி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்புகிறது. அடுத்த முறை காட்டுக்குப் போக ஆசை வந்தால் அங்கிருந்து தொடங்கு.

கூடாரம் பற்றியும் ஒன்று. சின்னக்கானல், சூரியநெல்லி எல்லாம் யானையின் நடமாட்டம் உள்ள இடம். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்தது அங்கேதான். பெரியார் காட்டில் கொண்டு விட்டால், அது கம்பம் ஊருக்குள் வந்து, கடைசியில் நம் வனத்துறை அதைத் தெற்கே கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே, கூடாரத்தில் தங்கப் போன ஒரு பெண்ணை யானை கொன்றது. கூடாரம் போடும் இடத்துக்குப் பஞ்சாயத்து உரிமம் இருக்கிறதா, வேலி இருக்கிறதா, ராத்திரியில் ஒளிந்துகொள்ளக் கட்டடம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பணம் கட்டாதே.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். ஞாயிறு மத்தியானம் மலை இறக்கம், அன்று ராத்திரி எர்ணாகுளத்தில் ரயில், மறுநாள் கோவாவில் அறை, அதற்கடுத்த நாள் விமானம். சீட்டுக்கட்டை நிறுத்தி வைத்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று. நடுவில் ஒரு பொழுதுகூடக் காலியாக இல்லை. அதனால்தான் அந்தச் சாயங்காலம் ஆறு பேரும் வானத்தைப் பார்க்காமல் போனில் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ரெட் அலர்ட் அன்று மலை இறங்கலாமா என்ற கேள்விக்கு ரயில் டிக்கெட் பதில் சொல்லக் கூடாது. அது பதில் சொல்லும் நிலையைத் திட்டம் போடும்போதே நீங்கள் உண்டாக்கிவிட்டீர்கள்.

மழைக்காலத்தில் மலைக்கும் அடுத்த டிக்கெட்டுக்கும் நடுவில் ஒரு முழு நாளைச் சும்மா விடு. அந்த நாள் மிஞ்சினால் எங்கள் ஊரில் கழியட்டும். யூதத் தெருவில் 1568இல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடம் இருக்கிறது, டச்சு அரண்மனையில் ராமாயணச் சுவரோவியம் இருக்கிறது, வேளியில் நம் தமிழ் வண்ணார்கள் இன்றும் நடத்தும் சலவைத்துறை இருக்கிறது. நாள் வீணாகாது.

அந்த ரயிலைப் பிடித்திருந்தாலும் கோவா போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று யார் சொன்னது? மழைக்காலத்தில் கொங்கண் ரயில்வே வேகத்தைக் குறைத்துத் தனி நேர அட்டவணையில் ஓடுகிறது. 2024 ஜூலையில் பெர்னெம் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஊறி அந்தப் பாதையே நின்றது, சில நாளில் ரத்னகிரிப் பக்கம் மண் சரிந்து மறுபடியும் நின்றது. விமானத்தையும் அப்படித்தான் நினைக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் 15 முதல் 29 வரை நெடும்பாசேரி விமான நிலையம் மூடிக் கிடந்தது. பெரியாறு ஓடுதளத்தில் நின்றது. ஆலுவா வழி ரயில் நின்று, வண்டிகளை நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை என்று சுற்றி விட்டார்கள். இங்கே எங்கள் காயலுக்கு அக்கரையில் வெல்லிங்டன் தீவில் கடற்படை விமானத்தளத்தைத் திறந்து, 20ஆம் தேதியிலிருந்து சின்ன விமானங்களை இறக்கினார்கள். கோட்டைக் கொச்சியில் முதுகுப்பையோடு தங்கியிருந்த வெளிநாட்டுப் பிள்ளைகளில், மதுரை வழியாகவோ திருவனந்தபுரம் வழியாகவோ வேறு வழி உண்டா என்று முதல் நாளே விசாரித்தவர்கள் போய்விட்டார்கள்.

ஆகவே மலைக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு என்பதை மனதில் வை. சூரியநெல்லியிலிருந்து எர்ணாகுளத்தைவிடப் போடிநாயக்கனூர் மிகப் பக்கம். 2023 ஜூனிலிருந்து சென்னை சென்ட்ரலுக்குப் போடியிலிருந்தே ரயில் இருக்கிறது, வாரத்தில் மூன்று நாள். மேற்குச் சரிவில் மழை கொட்டும்போது கிழக்கே போடிப் பக்கம் பல நாளும் மழை குறைவாக இருக்கும். விடிந்ததும் போடிமெட்டு வழி திறந்திருக்கிறதா என்று நீங்கள் விசாரித்திருந்தால், கோவா போயிருக்க முடியாது என்றாலும் வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எல்லாரும் எர்ணாகுளத்தையே நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

பண விஷயம். ரயில் ரத்தானால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானே திரும்பும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், வண்டி கிளம்பும் முன் டி.டி.ஆர். பதிவு செய்தால் முழுப்பணமும் கிடைக்கும். ஒரு ரயிலில் இறங்கி இன்னொரு ரயில் ஏறுவதென்றால் இரண்டு பி.என்.ஆரையும் இணைத்துவிடு. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறினால் அந்தப் பகுதிக்குப் பணம் உண்டு, 2019 ஏப்ரலிலிருந்து இது விதி. ஜீப்பில் வந்து ரயிலைத் தவறவிட்டவனுக்கு எந்த விதியும் கை கொடுக்காது. விமானத்துக்குப் போகாவிட்டாலும் வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை கிளம்பும் முன்பே, ஒருவர் வேண்டாம் என்றாலும் இரவில் இறங்குவதில்லை, நஷ்டம் வந்தால் ஆறாகப் பிரிப்பது என்று எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள். மலை மேல் வைத்து ஓட்டெடுத்தால் சத்தமாகப் பேசுகிறவன்தான் ஜெயிப்பான். முட்டி வலியோடு நடந்த அந்தப் பெண் அன்று வாய் திறக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அவளிடம் தனியாகக் கேட்டுப் பார். உன் முடிவு யாருக்காக என்று அவள் சொல்வாள்.

இந்த வாரத்துக்குள் ஆறு பேரும் ஓரிடத்தில் உட்காருங்கள். போன பணத்தைக் கூட்டி ஆறாகப் பிரித்து உன் பங்கை மட்டும் கொடு. மற்றவர்கள் பங்கையும் சேர்த்துத் தருகிறேன் என்று இறங்கிப் போகாதே, அப்படிக் கொடுத்தால் நீ தவறு செய்தாய் என்று நீயே எழுதிக் கொடுத்ததாகும். பேசி முடித்ததும் அக்காவுக்குப் போன் பண்ணு, அவள் இன்னும் சரியாகத் தூங்கவில்லை.

அன்புடன்,
உன் மாமா