களரியும் கலரியும்: பழைய படமாளிகைகள் பற்றிய ஒரு பாடம்

மக்கள் ஓரிடத்திற் கூடியிருந்து ஒரு கதையைக் கண்ணாலும் செவியாலும் நுகர்தல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என வகுத்துரைக்கின்றது; ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் கூறுகின்றது; தூணின் நிழல் அரங்கிலும் அவையிலும் விழாதவாறு விளக்கமைத்தல் வேண்டும் என்பதையும் மறந்திலது. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் மதங்க சூளாமணியில் நாடக இலக்கணத்தை ஆராய்ந்தமையும் இம்மரபின் தொடர்ச்சியேயாம். எனவே, படமாளிகை பற்றி ஆராய்தல் தமிழாசிரியர்க்கு அடாத தொழில் என எவரும் எண்ணற்க. நம் பாட்டனார் காலத்துக் கூத்துக் களரியிலிருந்து நம் தந்தையார் காலத்துப் படமாளிகைக்கு மக்கள் எவ்வாறு சென்றனர், அதனாற் பெற்றது யாது, இழந்தது யாது என்பனவே இங்கு நாம் ஆராயப் புகுவன.

1. களரி

மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்முனையைச் சூழ, மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்துள்ளன. இக்கரையின் பழைய ஆடரங்கு வட்டக் களரியாகும். நடுவே கூத்தர் ஆட, மக்கள் சுற்றிவர இருந்து விடியும்வரை காண்பர். வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்தும் அங்கு ஆடப்பட்டன. ஆடுவோன் ஊரான், அண்ணாவியாரும் அறிந்தவர், காண்போனுக்கோ கதை முன்னமே தெரியும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் விழாவிற் பாரதக் கதை ஊரின் கதையாகவே நிகழ்வதை அறிந்தோர் இதன் இயல்பை எளிதில் உணர்வர். ஆயினும் களரி அவ்வவ்வூர்க்கே உரியது. யார் எங்கே இருப்பது என்பதையும் வழக்கமே வகுத்தது.

2. படம் வந்த வழி

லூமியர் சகோதரர் 1895ஆம் ஆண்டு திசெம்பர் 28ஆந் தேதி பாரிசு நகரிற் கட்டணம் பெற்றுப் படங் காட்டினர். 1896 யூலை 7இல் அது பம்பாயை அடைந்தது. இலங்கையில் 1901இற் படக் காட்சி நிகழ்ந்தது. தென்னிந்தியாவில், திருச்சியிற் புகையிரதப் பகுதி எழுதுவினைஞராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ற் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரமடித்து ஊரூராய்க் காட்டினார். பின்னர்க் கோயம்புத்தூரில் வெரைற்றி ஹோல் என்னும் மாளிகையை நிறுவினார். கூடாரம் முந்தியது, கட்டடம் பிந்தியது என்னும் இவ்வரிசையை மாணவர் மனங்கொள்க.

1931இற் காளிதாஸ் என்னும் படம் தமிழிற் பேசியது. ஊமைப் படத்துக்கு மொழி வேறுபாடில்லை. பேசும் படமோ தமிழறிந்தாரைத் தனியோர் அவையாக்கிற்று. இலங்கையில் 1928இற் சிற்றம்பலம் கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் வின்சர், வெலிங்டன், ரீகல், மனோகரா, ராஜா, ராணி முதலியனவும், மட்டக்களப்பில் இம்பீரியல், விஜயா முதலியனவும் விளங்கின. கீழ்க்கரைச் சிற்றூர்களிற் கிடுகு வேய்ந்த கொட்டகையும் தகரக் கூரையுமே பெரும்பாலும் மாளிகை எனப் பெயர் பூண்டன.

3. இயந்திர அறை

காண்போர் திரையை நோக்க, முதுகுப்புறத்துச் சிறு துவாரத்தினூடே ஒளி பாய்ந்தது. அவ்வறையின் தொழிலை அறிந்தவர் சிலரே. இரு கரிக்கோல்களுக்கிடையே மின்சாரம் தாவி எரியும் சுடரே விளக்கு; பின்னே குழியாடி. கோல் எரிந்து குறுகுந்தோறும் இயக்குநர் அதனை நெருக்கிக் கொடுத்தல் வேண்டும். கை தவறின் திரை மங்கும். கலரியிற் சீழ்க்கை எழும்.

பேசும் படம் ஒரு வினாடிக்கு 24 சட்டம் வீதம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 16,000 அடிப் படம் எவ்வளவு நேரம் ஓடும் என மாணவர் கணித்துப் பார்க்க: மூன்று மணித்தியாலத்துக்குச் சிறிது குறைவு. அதனை 2,000 அடிச் சுருள்களாக்கின் எட்டுச் சுருள். இரு இயந்திரமுள்ள மாளிகையில், திரையின் வலப்பக்க மூலையிற் புள்ளி தோன்றியதும் ஒன்றை நிறுத்தி மற்றதை ஓடவிடுவர், காண்போர் அறியார். ஒரே இயந்திரமுள்ள கொட்டகையிலோ சுருள் முடியுந்தோறும் விளக்கெரியும். அவ்விடைவேளைகளே கச்சான் விற்பவனுக்கும் சோடாக்காரனுக்கும் பிழைப்பாயின.

4. கலரி

திரைக்கு மிக அண்மையிலுள்ள மலிந்த இடத்தைக் கலரி என்றனர். இது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். களரி என்பதன் திரிபன்று. ஒலி ஒத்திருப்பினும் பொருளால் இரண்டும் எதிரெதிரானவை. களரியில் இடம் பிறப்பாலும் முறையாலும் அமைந்தது. கலரியிற் காசால் அமைந்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது அரங்கு படமாளிகையே என்றும், அங்கு இருக்கையை வகுத்தது குலநிலையன்று, வாங்கும் ஆற்றலே என்றும் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக் காட்டினார். இது சிறிய செய்தியன்று. காசும் ஒரு வேலிதான். ஆயினும் பிறப்பு வேலியைப்போல் அது நிலையானதன்று. நெல் விற்ற கையோடு வருபவன் ஒருநாள் முதலாம் வகுப்பிலும் இருக்கலாம்.

கல்முனைக் கரைக்கு இக்கருத்தை மேலும் ஒருபடி விரித்தல் தகும். இங்கு கூரையின்கீழ்க் கூடியோர் தமிழரும் முஸ்லிம்களுமாவர். தீபாவளிக் கூட்டமும் பெருநாட் கூட்டமும் ஒரே வாயிலில் ரிக்கற்றுக்கு நெருக்குண்டன. இரு சாராரிலும் பெரியோர் படத்தை ஐயுற்று நோக்கினர். இரு சாராரிலும் இளைஞர் அவரறியாமற் சென்றனர். அரபுக் கதையைத் தழுவி 1956இல் வந்த அலிபாபாவும் 40 திருடர்களும் வண்ணத்திலமைந்த படம். 1961இற் பீம்சிங் இயக்கிய பாவமன்னிப்பு, பிறிதொரு குடியிற் பிறந்து முஸ்லிம் பெரியவரால் ரகீம் என வளர்க்கப்பட்டவன் கதை. அதில் நாகூர் ஹனிபாவும் சௌந்தரராஜனும் இணைந்து பாடினர். கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயராற் கொடியேற்றும் கல்முனைக்குடிக்கு அக்குரல் அயலார் குரலன்று. இலங்கை வானொலி அப்பாடல்களை வீட்டினுள்ளும் கொணர்ந்தது. பாட்டுப் புத்தகம், எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியோர் பலர்க்கு இரண்டாம் பாலபாடமாயிற்று.

5. மறைவு

படமாளிகை ஒரு காரணத்தால் மாயவில்லை. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்தபின் இந்தியப் படங்களின் வரவு கட்டுப்பட்டது. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி கீழ்க்கரைக் கூரைகளைப் பறித்தது. 1979இல் தொலைக்காட்சி வந்தது, அதன்பின் வீடியோ. போர்க்காலத்தில் இரவிற் புறஞ்செல்லலே அரிதாயிற்று. 2004 திசெம்பர் 26இன் கடற்கோள் மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகளையே விட்டுவைக்கவில்லை.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 1985இலும் 1990இலும் இப்பகுதியில் இரு சமூகத்தாரிடையே குருதி சிந்தப்பட்டது. ஒரே கூரையின்கீழ் ஒரே கதைக்குக் கண்ணீர் விட்ட தலைமுறை உயிரோடிருக்கவே இது நிகழ்ந்தது. ஆதலின், உடனிருந்து படம் பார்த்தலே ஒற்றுமையைத் தரும் எனக் கூறுவார் கூற்றை நாம் ஏற்கமாட்டோம். இருளில் ஒருங்கிருந்தோர் வெளிச்சத்தில் ஒருவரோடொருவர் உரையாடினரா என்பதே கேட்கத்தக்க வினா. ஆயினும் ஒருங்கிருக்கும் இடமும் இல்லாதொழியின் உரையாடலுக்கு வாய்ப்பே இல்லை என்பதையும் மறுத்தல் இயலாது. இன்று படம் கையடக்கக் கருவியுள் அடங்கிற்று. ஒவ்வொருவரும் தத்தம் அறையிலிருந்து காண்கின்றனர். கதை உண்டு, அவை இல்லை.

6. மாணவர்க்குரிய பணி

கட்டடம் போயினும் அதனுள் இருந்தோர் சிலர் இன்னும் நம்மிடையே உளர். இச்சங்கத்துப் பழைய மாணவர் பலர் அவருள் அடங்குவர். எனவே, மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் எழுபது வயதைக் கடந்த இருவரை, ஒருவர் தமிழரும் ஒருவர் முஸ்லிமுமாக, அணுகிப் பின்வருவனவற்றைக் கேட்டு எழுதுக: கொட்டகை எங்கே நின்றது? அவ்விடத்தில் இன்று நிற்பது யாது? கலரிக் கட்டணம் எவ்வளவு? பெண்கள் எங்கே இருந்தனர்? முதற்கண்ட படம் யாது? யாரோடு சென்றீர்? அவர் இப்பொழுது எங்கே?

இறுதி வினாவுக்கு விடை கூறும்போது சிலர் மௌனமாவர். அம்மௌனத்தையும் குறித்துக்கொள்க. பழைய மாணவராகிய அன்பர்கள், பிள்ளைகள் வந்து கேட்கும்வரை காத்திராது தாமே எழுதி உதவுவாராயின், கல்வெட்டு இல்லாத இக்கரையின் அண்மைக்கால வரலாற்றிற்கு அது நற்சான்றாக அமையும்.