தனிப்பட்ட தகவல்களின் பாதுகாப்பு: உரிமையும் விழிப்பும்

1983 யூலையில் கொழும்பு நகரில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் ஏந்தித் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன. பெயரும் முகவரியும் கொண்ட சாதாரண ஆவணமொன்று தகாதவர் கையில் எதுவாக மாறும் என்பதை, அங்கிருந்து தப்பி வந்தோருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள ஜேர்மன் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் தீர்ப்பு வழங்கியது. தம்மைப் பற்றிய தகவல்கள் வெளியிடப்படுவதையும் பயன்படுத்தப்படுவதையும் அடிப்படையில் ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்கலாம் என்பதே அதன் சாரம். இவ்வுரிமை குடியுரிமையைச் சார்ந்ததன்று. இந்நாட்டில் வாழும் அனைவருக்கும் உரியது.

வதிவிடப் பதிவேடு

ஒருவரை ஐயமின்றி அடையாளப்படுத்தக்கூடிய எவரும், கட்டணம் செலுத்தி அவருடைய தற்போதைய முகவரியைப் பதிவு அலுவலகத்தில் பெறலாம். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து உள்ளவர்கள், குறிப்பாக வன்முறையிலிருந்தும் பின்தொடர்தலிலிருந்தும் விலகி வந்தவர்கள், 'அவுஸ்குன்ஃப்ட்ஸ்ஷ்பெரெ' எனப்படும் தகவல் தடைக்கு விண்ணப்பிக்கலாம். ஆபத்தைக் காட்டும் சான்றுகளை இணைத்தல் நன்று. கட்சிகளுக்கும் முகவரி நூல் வெளியீட்டாளர்களுக்கும் தகவல் செல்வதை மறுக்கக் காரணமோ கட்டணமோ தேவையில்லை.

எனினும், தடை பெற்றவருடைய பிள்ளை பாடசாலையின் பெயர் தெரியும் ஒளிப்படத்தை இணையத்தில் பதிவிட்டால் தடையின் பயன் அற்றுப்போகும். குடும்பத்தினர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நிறுவனங்களிடம் உள்ள தகவல்கள்

2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 15ஆம் உறுப்புரையின்படி, ஒரு நிறுவனம் தம்மைப் பற்றி எவற்றைச் சேமித்துள்ளது, யாருக்கு வழங்கியது என்று எவரும் கேட்கலாம். முதற் பிரதி இலவசம். விடை பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரப்பட வேண்டும். வீடு தேடுவோர் அறிந்த ஷூஃபா நிறுவனத்துக்கும் இது பொருந்தும். விடை வராவிடின் மாநிலத் தரவுப் பாதுகாப்பு ஆணையாளரிடம் முறைப்பாடு செய்யலாம்.

"அம்மா, இது என் புதிய எண்"

பிள்ளையின் கைத்தொலைபேசி பழுதாகிவிட்டது, அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டும் என்று வட்ஸ்அப்பில் வரும் செய்தி, ஜேர்மனியில் பரவலாக நிகழும் மோசடி. வழக்கமாகத் தமிழில் எழுதும் பிள்ளை திடீரென ஜேர்மன் மொழியில் எழுதுவதே முதல் அறிகுறி. பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்கும்வரை பணம் அனுப்பலாகாது. ஏனெனில் உடனடிப் பணமாற்றம் பத்து வினாடிகளில் முடிந்துவிடும்; பின்னர் அதனை மீளப்பெறுதல் அரிது. 2025 ஒக்டோபர் 9 முதல், பெறுநரின் பெயரும் ஐபான் எண்ணும் பொருந்துகின்றனவா என வங்கிகள் காட்ட வேண்டும். பொருந்தவில்லை என்னும் எச்சரிக்கையைக் கடந்து செல்லலாகாது.

அனுமதி எண்ணைப் பகிர்தல்

வாடிக்கையாளர் அனுமதிக்காத பணமாற்றத்தை வங்கி ஈடுசெய்ய வேண்டும் என்பது குடியியல் சட்டம். ஆனால் வாடிக்கையாளர் பெருங்கவனயீனமாக நடந்திருந்தால் முழு இழப்பும் அவரையே சேரக்கூடும். வங்கி அலுவலர் என்று கூறித் தொலைபேசியில் அழைப்பவருக்கு டான் எண்ணைச் சொல்வது அத்தகைய கவனயீனமாகக் கருதப்படலாம். உண்மையான வங்கி அவ்வெண்ணைத் தொலைபேசியில் கேட்பதில்லை. மொழி தெரியாத பெற்றோருக்காகச் செயலியில் அனுமதி அளிக்கும் பிள்ளைகளும், திரையில் தோன்றும் தொகையையும் பெறுநரையும் வாசித்த பின்னரே அழுத்துதல் வேண்டும்.

ஏமாற்றப்பட்டால்

1. வங்கிக்கு உடனே அறிவித்து, பணமாற்றத்தை நிறுத்துமாறு கோருதல்.
2. 116 116 என்னும் எண்ணில் அட்டையையும் இணையவழி வங்கிச் சேவையையும் தடைசெய்தல். ஜேர்மனிக்குள் அழைப்பு இலவசம்; எந்நேரமும் அழைக்கலாம்.
3. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுதல். ஏனைய கணக்குகளின் கடவுச்சொற்கள் அதன் வழியாகவே மீட்டமைக்கப்படுகின்றன.
4. செய்திகளை அழிக்காது திரைப்படமாகச் சேமித்துக் காவல்துறையில் முறைப்பாடு செய்தல்.

ஏமாற்றப்பட்டவர் குற்றவாளி அல்லர். வெட்கத்தினால் மௌனமாகக் கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் மோசடிக்காரருக்கே பயன்படுகின்றது.