பழைய அரட்டையில் எண்ணுக்குப் பெயர் சேர்ப்பது எப்படி?

வாட்ஸ்ஆப் குழு உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வைத்திருப்பீர்கள். சில வருடம் கழித்துத் திறந்தால் பல இடங்களில் பெயர் இருக்காது, +91 என்று தொடங்கும் எண்தான் இருக்கும். சொன்னது சித்தப்பாவா, பக்கத்து வீட்டுக்காரரா என்று தெரியாது.

எக்ஸ்போர்ட் செய்யும் நேரத்தில் போனில் என்ன பெயர் சேமித்திருக்கிறதோ, அதுதான் கோப்பில் விழும். ஆகவே குழு இன்னும் உங்கள் போனில் இருந்தால், எண்களைப் பெயரோடு சேமித்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

போன் போய்க் கோப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். கோப்புக்கு முதலில் ஒரு நகல் எடுங்கள். மூலத்தில் கை வைக்கவே கூடாது. பிறகு கூகுள் கான்டாக்ட்ஸிலிருந்து தொடர்புகளை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, எக்செலில் ஒரு தாளில் வையுங்கள். அரட்டையில் உள்ள எண்களை இன்னொரு தாளில் ஒட்டுங்கள். ஒட்டும் முன் அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும், நீளமான எண் சுருங்கித் தெரியும்.

சிக்கல் எண்ணை எழுதும் விதத்தில்தான். தொடர்பில் 012345 67890, அரட்டையில் +91 12345 67890, வேறொரு இடத்தில் 12345-67890. நமக்கு மூன்றும் ஒன்று; கணினிக்கு மூன்றும் வேறு. இடைவெளி, கோடு, கூட்டல் குறி எல்லாவற்றையும் நீக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத குறிகளும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எண் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் அவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிறகு ‘ரைட்’ சூத்திரத்தால் கடைசி 10 இலக்கத்தை மட்டும் எடுங்கள். இது இந்திய எண்களுக்கு. இலங்கை எண்ணில் 94-க்குப் பின் 9 இலக்கம், சிங்கப்பூரில் 65-க்குப் பின் 8. வெளிநாட்டு எண்களைத் தனியே பிரித்து, நாட்டுக் குறியீட்டோடு ஒப்பிடுவதே நல்லது.

அடுத்து ‘வீலுக்கப்’ சூத்திரத்தால் எண்ணுக்குரிய பெயரைத் தேடுங்கள். சூத்திரத்தின் கடைசி இடத்தில் மறக்காமல் 0 போடுங்கள். விட்டால் கிட்டத்தட்டப் பொருந்தும் பெயரைக் கொண்டுவந்து வைத்துவிடும், பிழை என்றும் காட்டாது.

பெயர் கிடைக்காத எண்களுக்கு அரட்டையே சாட்சி. “இது என் புது நம்பர்” என்ற செய்தி, பிறந்தநாள் வாழ்த்துக்குச் சொன்ன நன்றி, பெயர் சொல்லிக் கேட்ட கேள்விக்கு வந்த பதில் எல்லாம் உதவும். இரண்டு தடயமாவது ஒத்துப்போனால்தான் பெயர் போடுங்கள்; இல்லையென்றால் எண்ணாகவே இருக்கட்டும். ட்ரூகாலர் செயலி காட்டும் பெயரை நம்பி எழுதாதீர்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இந்தியாவில் உள்ள விதி. அன்று பேசியவரும் இன்று அந்த எண்ணை வைத்திருப்பவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் பிரதியில் எண்ணை அழிக்காமல் பக்கத்திலேயே பெயரை எழுதுங்கள், பின்னால் சரிபார்க்க உதவும். உறவினருக்கோ சங்கத்துக்கோ கொடுக்கும் பிரதியில் மட்டும் எண்களை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.